உள்மூடியில் ஒட்டாத எண்கள்

"விதி 14: அலுவலகக் கணினியின் பெட்டியைத் தொழில்நுட்பப் பிரிவின் எழுத்துமூலமான முன் அனுமதியின்றி எவரும் திறக்கக் கூடாது. கணினியில் டிஸ்க் பொருத்துபவர், அதற்குக் கொடுத்த அமைப்பு எண்களை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, பெட்டியின் உள்மூடியில் ஒட்ட வேண்டும்."

நல்ல விதி. நான் எழுதியது என்பதற்காகச் சொல்லவில்லை; மற்றவர்கள் எழுதிய விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்தப் பிரிவில் பணியில் இருந்த காலம் முழுவதும் இதை மீறியவர்களுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பியிருக்கிறேன். முதன்முதலில் மீறியவன் யார் என்பது சென்ற பங்குனியில்தான் எனக்குத் தெரியவந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு, கேபிளை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுவது என்று நான் சொல்லப்போவதில்லை. கைபேசியில் தேடினால் பின்னணி இசையோடு சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் சரியாகச் செருகிய பிறகும் திரை ஒத்துழைக்காவிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதைச் சொல்லத்தான் ஆள் குறைவு. அதை மட்டும் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்று ஏழாண்டுகள் ஆன பிறகு ஒரு புதன்கிழமை காலை, புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் சங்கீதா. கதிர்காமத்துக்காரர், முப்பது வயதிருக்கும். நான் வேலை பார்த்த துறைக்கு இப்போது ஒப்பந்தப் பொறியாளர். அதற்கு முன் இரண்டு முறைதான் பேசியிருக்கிறோம். இரண்டு முறையும் என் விதிகளில் ஒன்று நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்வதற்காகவே அழைத்திருந்தார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போக எல்லாக் காரணமும் இருந்தது.

"சார், பழைய பதிவு ஆபீஸ்ல ஒரு நாலு எட்டு ஆறு கம்ப்யூட்டர் இருக்கே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நான்தான் அதை அங்க வெச்சேன். இன்னுமா ஓடுது?"

"போன வாரம் வரைக்கும் ஓடிச்சு. இப்ப டிஸ்க்கை ஃபார்மட் பண்ணச் சொல்றாங்க. நான் ரெண்டு நாளா பண்ணாம இழுத்துக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு மதியத்துக்கு மேல என்னால தாக்குப்பிடிக்க முடியாது. வர்றீங்களா?"

ஃபார்மட் செய்யாமல் இரண்டு நாள் தாக்குப்பிடித்திருக்கிறார் என்றதும் சட்டை மாற்றிக்கொண்டேன்.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்கிய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் அந்த அலுவலகத்தில் கனத்த தொகுதிகளாக அடுக்கியிருக்கின்றன. எத்தா சிவில் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எந்தப் பெயர் எந்தத் தொகுதியில் எத்தனையாவது எண் என்று தேடித் தரும் அட்டவணையைத் தொண்ணூறுகளில் பிரெஞ்சு தெரிந்த இரண்டு எழுத்தர்கள் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். அது அந்த ஒரு கணினிக்குள்தான் இருந்தது. புதிய கணினிக்கு மாற்றும் திட்டம் ஆண்டுதோறும் தயாராகி, ஆண்டுதோறும் பரிசீலனையில் இருந்தது. இடையில் பிளாப்பியில் எடுத்து வைத்த நகல்கள் பூஞ்சை பிடித்துப் போயின. அட்டவணை இல்லாவிட்டால் தொகுதிகளில் தேடலாமே என்று கேட்பீர்கள். எண் இல்லாமல் தொகுதி தரப்படாது. பக்கங்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருப்பதால் அதற்கும் ஒரு விதி. நல்லவேளை, அது நான் எழுதியதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கணினிக்கு முன்னால் நாற்காலியில் சங்கீதா. அவருக்குப் பின்னால் நின்றபடி கண்காணிப்பாளர். யாருக்கும் கெடுதல் நினைக்காத, யாருக்கும் பயப்படுகிற மனிதர். சுவரோரப் பெஞ்சில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தவர் சகாயமேரி. ஐம்பது வயதைத் தாண்டியவர். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். ஏலம் முடிந்து நேராக வந்திருந்தார் என்பதை அறைக்குள் நுழைந்ததும் மூக்கே சொல்லிற்று. கண்காணிப்பாளர் சன்னலைத் திறந்துவைத்திருந்தார்.

சகாயமேரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் பழைய டாக்டரா?"

"கம்ப்யூட்டருக்கு."

"அது போதும். இவங்க ஒம்பது நாளா இத ஐ.சி.யூ.வுல வெச்சிருக்காங்க. உள்ள எங்கப்பன் ஆத்தா கல்யாணம் மாட்டிக்கிச்சு."

பிறகு அவரே விவரத்தைச் சொன்னார். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய், ஊர்ப்பேச்சில் சொல்தா. தம்பி அந்தோணி இருபது வயதில் பிரான்சுக்குப் போனவர், இப்போது அங்கே ஒரு மருத்துவமனையில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து கிடக்கிறார். அக்காவின் சிறுநீரகம் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்துவிட்டது. கூடப்பிறந்தவர்தான் என்பதைக் காகிதத்தில் காட்டினால்தான் விசாவும் கிடைக்கும், அறுவை சிகிச்சையும் நடக்கும். இருவரின் பிறப்புச் சான்றுகளும் இருக்கின்றன. பெற்றோரின் திருமணப் பதிவு நகல் மட்டும் இல்லை.

"வெள்ளிக்கிழம காலைல விசாவுக்கு வரச்சொல்லியிருக்காங்க. அன்னைக்கு காயிதம் இல்லன்னா அடுத்த தேதி ஆடிக்கு அப்புறமாம். அவன் ஆடி வரைக்கும் தாங்க மாட்டான் சார். அந்த டாக்டருங்களே சொல்லிட்டாங்க."

"எந்த வருஷம் கல்யாணம்?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க குந்திக்கினு இருக்கேன்? பெரும்புயல் அடிச்ச வருசத்துக்கு மறுவருசம்னு ஆத்தா சொல்லும். எந்தப் புயல்னு சொல்லாமலே போயிடிச்சு."

புயலை வைத்து வருடம் கணக்கிட இந்தக் கடற்கரையில் யாராலும் முடியாது.

நடந்தது இதுதான். மழை ஒழுகியதால் அறையின் மின்சாரத்தை ஒரு வாரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். கணினிக்குள் ஒரு சின்ன மின்கலம் உண்டு. மின்சாரம் இல்லாதபோது டிஸ்க்கின் அமைப்பு எண்களை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துபோயிற்று. மின்சாரம் வந்தபோது கணினிக்குத் தன் டிஸ்க் எப்படிப்பட்டது என்பதே மறந்துவிட்டது. சங்கீதா தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை இயக்கினார். அது டிஸ்க்கின் எண்களைப் படித்து நிரப்பியது. ஆனால் உள்ளே எதையும் திறக்க முடியவில்லை. டிஸ்க்கைப் படிக்க இயலவில்லை என்றே திரை திரும்பத் திரும்பச் சொன்னது. புதிய யு.எஸ்.பி. இணைப்பியில் மாட்டிப் பார்த்தார். இவ்வளவு பழைய டிஸ்க்கை அது சீந்தவில்லை.

"வெண்டர்கிட்ட போன்ல கேட்டேன் சார்," என்றார் கண்காணிப்பாளர். "டிஸ்க் தெரியுது, உள்ள படிக்கலன்னா ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. இந்தம்மா மாட்டேங்குது."

"சரியாயிடும். காலி வீடு மாதிரி சுத்தமா இருக்கும்," என்றார் சங்கீதா, திரும்பிப் பார்க்காமல்.

என் முதல் மேலதிகாரியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவர் பெயர் வேண்டாம். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும். ஒரு இயந்திரம் படுத்துக்கொண்டால் அவர் அறைக்குள் வந்ததும் முதலில் இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்வார். ஐந்து நிமிடம் வெளியே எடுக்க மாட்டார். "படிக்கிறது எத்தனை தடவை வேணா படிக்கலாம்பா. எழுதிட்டா ஒரே தடவைதான்" என்பார். இவ்வளவு ஆண்டுகளில் இதைவிடப் பயனுள்ள தொழில்நுட்ப அறிவு எனக்குக் கிடைக்கவில்லை. அன்றும் நான் வேட்டியில் இருந்ததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பெட்டியைத் திறக்க வேண்டும். விதி 14 இருக்கிறது. கண்காணிப்பாளரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, தொழில்நுட்பப் பிரிவுக்கு முன் அனுமதி கோரி விண்ணப்பம் எழுதினேன். கணினியின் இருப்பு எண், இடம், திறக்கவேண்டிய காரணம், பொருத்தவிருக்கும் மாற்று டிஸ்க்கின் விவரம், எதையும் விடவில்லை. எழுத்தரிடம் கொடுத்து அனுப்புகைப் பதிவேட்டில் எண் போடச் சொன்னேன். எண் விழுந்ததும் பெட்டியைத் திறந்தேன்.

"சார், அனுமதி வரலியே?" என்றார் கண்காணிப்பாளர்.

"முன்னாடி கேட்டாச்சு. முன்னாடி வர்றது அவங்க வேலை."

இதை நீங்கள் முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம். கொள்வதாக இருந்தால் அனுப்புகை எண்ணை மறக்காதீர்கள்.

மூடியைக் கழற்றித் திருப்பினேன். உள்பக்கத்தில் எந்தத் தாளும் ஒட்டியிருக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எண்களை எழுதி ஒட்டணும்னு விதி போட்டிருக்கேன். எவனோ ஒட்டாம விட்டிருக்கான். இந்த ஒரு தாள் இருந்திருந்தா இந்தம்மா ஒம்பது நாள் அலைஞ்சிருக்க மாட்டாங்க."

சங்கீதா டிஸ்க்கின் மேல் இருந்த லேபிளைக் கைபேசி வெளிச்சத்தில் படித்தார். பிறகு அலமாரியிலிருந்து கணினியின் இருப்புப் பதிவேட்டை எடுத்தார். பக்கம் புரட்டினார். நிறுத்தினார்.

"சார், டிஸ்க் மேல நானூத்தி இருபது எம்.பி.ன்னு இருக்கு. பதிவேட்டுல இருநூத்தி பத்துன்னு இருக்கு. நடுவுல ஒரு தடவை மாத்தியிருக்காங்க. 'அதே கொள்ளளவுள்ள டிஸ்க் பொருத்தப்பட்டது'ன்னு எழுதி கையெழுத்து இருக்கு."

"யாரு?"

அவர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். நல்ல கையெழுத்து. மை கூட மங்கவில்லை. என்னுடையது.

சகாயமேரி பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்த எவனோ கெடைச்சிட்டானா?"

அந்த நிமிடம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. முதலில் வந்த டிஸ்க் மூன்றாவது ஆண்டே செத்துப்போயிற்று. மாற்று வாங்க அனுமதி கிடைத்தது. அனுமதி ஆணையில் இருநூற்றுப் பத்து எம்.பி. என்று இருந்தது. சந்தையில் அதற்குள் அந்த அளவு நின்றுபோய், அதே விலைக்கு அதைப்போல இரண்டு மடங்கு டிஸ்க்தான் கிடைத்தது. நீங்கள் மகிழ்ந்திருப்பீர்கள். நாங்கள் மிரண்டோம். அனுமதித்ததைவிடப் பெரியதை ஏன் வாங்கினீர்கள் என்று தணிக்கையில் கேட்டால் பதில் சொல்ல இயலாது. குறைவாக வாங்கியிருந்தால்கூடச் சமாளிக்கலாம். அப்போது கைகளைப் பைக்குள் விட்டுக்கொள்ளும் என் மேலதிகாரி சொன்ன யோசனை: "பழைய டிஸ்க்கோட எண்ணையே இதுக்கும் கொடுத்துடு. திரையில இருநூத்தி பத்துன்னு காட்டும். தணிக்கைக்காரங்க திரையத்தான் பாப்பாங்க, பெட்டியத் தொறக்க மாட்டாங்க. தொறக்கக் கூடாதுன்னு நீதான் விதி எழுதியிருக்கியே."

விதி எழுதி மூன்று மாதம் ஆகியிருந்தது. பெரிய டிஸ்க்குக்குச் சின்ன டிஸ்க்கின் எண்களைக் கொடுத்தேன். அந்த எண்களைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு ஒட்டினால் அது சாட்சியாகிவிடும் என்பதால் ஒட்டவில்லை. அரசாங்கத்தைத் தவிர உலகில் வேறெங்கும் ஒருவன், கிடைத்த இரட்டிப்பு இடத்தை ஒளித்துவைக்க இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான்.

ஏன் எதையும் படிக்க முடியவில்லை என்பது இப்போது தெளிவாயிற்று. கண்காணிப்பாளருக்கு விளக்கியபடியே உங்களுக்கும் சொல்கிறேன். அலமாரியில் ஒரு தட்டுக்கு முப்பத்தெட்டுத் தொகுதிகள் வீதம் அடுக்கி, அதன்படி எண் போட்டு வைத்திருக்கிறீர்கள். புதிதாக வந்தவர் ஒரு தட்டுக்கு அறுபத்து மூன்று என்று நினைத்து எண்ணுகிறார். இரண்டாவது தட்டின் முதல் தொகுதி என்று அவர் எடுப்பது வேறெதுவோ. தொகுதிகள் ஒன்றுகூடத் தொலையவில்லை, எண்ணுகிறவர்தான் தவறு. இந்த நிலையில் ஃபார்மட் செய்வது, தேடிய தொகுதி கிடைக்கவில்லை என்று அலமாரியைக் கொளுத்துவதற்குச் சமம்.

லேபிளின்படி அறுபத்து மூன்று. நான் கொடுத்தது வேறு. எவ்வளவு என்று சங்கீதா கேட்டார்.

"ஞாபகம் இல்லை."

"பழைய டிஸ்க்கோட மாடல்?"

"அதுவும் இல்லை."

"ஒண்ணு ஒண்ணா போட்டுப் பாக்கலாமா?"

அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் ஏற்றிப் பார்த்தோம். டிஸ்க் சுழலத் தொடங்கியதும் நாக்கை அண்ணத்தில் தட்டுவதுபோல் மூன்று முறை சத்தம் வந்தது. உடனே அணைத்தோம். உங்களில் யாரும் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்கக் கடவது. இன்னும் சில முறைதான் சுழலும். எத்தனை முறை என்பது தெரியாது. ஊகித்து ஊகித்து முயல அவகாசமில்லை.

சகாயமேரி எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "நாங்க ஒரு பொட்டி மீன் வந்தா மேல கெடக்குறத ஒண்ண எடுத்து செவுளப் பாப்போம். பொட்டியவே கவுத்துக் கொட்ட மாட்டோம்," என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு யோசனை உதித்தது என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். உதிக்கவில்லை; அது எனக்கு முன்பே தெரியும். நான் இந்தத் தொழிலில் இருந்தவன். ஆனால் அவர் சொன்னது சரி என்பதைப் பதிவு செய்கிறேன். தட்டுக்கு எத்தனை என்று எப்படி எண்ணினாலும், முதல் தட்டின் முதல் தொகுதி மட்டும் இடம் மாறாது. டிஸ்க்கிலும் அப்படித்தான். முதல் செக்டார் எந்தக் கணக்கிலும் அதே இடத்தில் இருக்கும். அதில் டிஸ்க்கைப் பிரித்தபோது எந்த எண்ணில் முடிந்தது என்ற குறிப்பு இருக்கும். நான் தாளில் எழுதாமல் ஒளித்ததை டிஸ்க் தன் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டிருந்தது.

வீட்டிலிருந்து சோப்பு டப்பாவில் கொண்டுவந்த என் பிளாப்பியில், படிக்க மட்டும் தெரிந்த, எழுதத் தெரியாத ஒரு சிறு கருவி இருந்தது. சங்கீதாவை உட்காரச் சொன்னேன். மின்சாரம் ஏற்றினோம். தட்டல். அமைதி. மறுபடி தட்டல். முதல் செக்டார் திரையில் வந்தது. சங்கீதா கைபேசியில் படம் எடுத்தார். அணைத்தோம். மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை.

படத்தைப் பெரிதாக்கி அவரே கணக்குப் போட்டார். "கடைசி செக்டார் முப்பத்தெட்டு. ஹெட் பதினாறு. அது லேபிள்ல உள்ளதேதான்."

"முப்பத்தெட்டு," என்றேன். அந்த எண்ணைக் கேட்டதும், இறந்துபோன ஒரு பழைய நண்பனைப் பேருந்து நிலையத்தில் பார்த்ததுபோல் இருந்தது.

அடுத்தது மாற்று டிஸ்க். நான் கொண்டு போயிருந்தது பழைய கேமராவில் இருந்த நினைவக அட்டையும், அதை டிஸ்க்போல நடிக்கவைக்கும் ஒரு இணைப்புப் பலகையும். சுழலும் பாகம் இல்லை, தட்டும் சத்தமும் வராது. அந்த அட்டையைத் தயார் செய்யும் முன் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்துக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காரணம் கேட்டார். ஃபார்மட் என்ற சொல்லை நீங்கள் தட்டச்சு செய்யும்போது, இழக்கக் கூடாத டிஸ்க் அந்தக் கேபிளில் இருக்கவே கூடாது. சரியான எழுத்தைத்தான் அழுத்துவேன் என்ற நம்பிக்கை நல்லது. கழற்றி வைத்த கேபிள் அதைவிட நல்லது.

அட்டை தயாரானது. தீர்ந்துபோன மின்கலத்துக்குப் பதில் நான்கு பென் செல்களைக் கூட்டில் அடுக்கி மாட்டினோம். பழைய டிஸ்க்கைத் திரும்ப இணைத்து, அட்டையை இரண்டாவதாக அமைத்து, முப்பத்தெட்டு என்று கொடுத்தோம். இப்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது.

நடைமுறை தெளிவானது: சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எதையும் தேடக் கூடாது; முதலில் முழு டிஸ்க்கையும் நகல் எடுக்க வேண்டும். நான் அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் கற்பித்தேன். முழு நகலுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"முக்கா மணி நேரம் இது உசுரோட இருக்குமா?" என்று கேட்டார் சகாயமேரி.

"தெரியாது."

"அப்ப மொதல்ல எங்கப்பன் பேரத் தேடுங்க. ஒரே பேரு. மரிய சூசை. அப்புறம் நீங்க என்னா வேணா எடுங்க."

"தேடறப்பவே நின்னுடுச்சுன்னா, உள்ள இருக்கிற அத்தனை குடும்பத்துக்கும் போயிடும்மா. உங்களைப் போல நாளைக்கு வேற ஒருத்தர் வருவாங்க."

"வரட்டும். எந்தம்பி நாளைக்கு இருந்தாத்தான் எனக்கு அதெல்லாம்." குரல் உயரவில்லை. ஏலம் விடுகிறவர் குரல் உயராமல் பேசினால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரைத் தெரியாத எனக்கே புரிந்தது.

இரண்டில் எது சரி என்று இன்றும் எனக்குத் தெரியாது. எல்லோருக்குமான அட்டவணையா, கண்ணெதிரே நிற்கும் ஒரு பெண்ணின் தம்பியா? எந்தக் கையேட்டிலும் இதற்கு விதி எண் கிடையாது. நான் முழு நகல் என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கம்.

"சார்," என்றார் சங்கீதா. "முழு டிஸ்க் எதுக்கு? இந்த டிஸ்க்ல பாதி காலி. மீதியில பாதி கடித மாதிரி, பழைய புரோகிராம். அட்டவணை ரெண்டே ஃபைல். அத மட்டும் மொதல்ல எடுப்போம். நாலஞ்சு நிமிஷம். எல்லாரும் அதுலதான் இருக்காங்க. இவங்க அப்பாவும் அதுலதான் இருக்காரு. தேடறத அட்டையில தேடிக்கலாம்."

நான் அவரைப் பார்த்தேன். என் நடைமுறையில் இரண்டு வழிகள்தான் இருந்தன. இவர் மூன்றாவதைச் சொன்னார். அது அவ்வளவு எளிமையாக இருந்ததால்தான் எனக்குத் தோன்றவில்லை என்று பிறகு சமாதானம் செய்துகொண்டேன்.

"செய்யி," என்றேன்.

டிஸ்க் சுழன்றது. தட்டியது. பிறகு, இத்தனை நாள் படிக்க இயலாது என்று சொன்ன அதே திரையில் கோப்புகளின் பட்டியல் வரிசையாக இறங்கியது. கண்காணிப்பாளர் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கிறித்தவர் இல்லை. முதல் கோப்பு நகலானது. இரண்டாவது கோப்பின் நடுவில் ஒரு நீண்ட தட்டல், ஒரு நீண்ட மௌனம். சங்கீதா விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் அவருக்கு அதைச் சொல்லித்தரவில்லை. நகல் மறுபடி நகர்ந்தது. முடிந்தது.

மீதியையும் எடுக்கலாம் என்று தொடர்ந்தோம். ஒன்பதாவது நிமிடத்தில் டிஸ்க் நின்றது. அதன்பின் சுழலவே இல்லை. நாங்கள் இழந்தவை: சில அலுவலகக் கடித மாதிரிகள், ஒரு சீட்டாட்டம். முழு நகல் என்று நான் அடம்பிடித்திருந்தால் அட்டவணை வரும் முன்பே நின்றிருக்கக்கூடும். அடம்பிடிக்க வாயெடுத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒருமுறை மறைத்ததன் விளைவை இப்போதுதான் படித்தீர்கள்.

அட்டையை முதல் டிஸ்க்காக மாற்றி, கணினியை எழுப்பி, தேடும் திரையில் சகாயமேரி சொன்ன பெயர்களைச் சங்கீதா தட்டினார். மரிய சூசை, ஞானமேரி. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: கொம்யூன் என்கிற ஊர்ப்பிரிவு, வருடம், தொகுதி, எண்.

"இதுவா?" என்றார் சகாயமேரி. "இந்த ஒத்த வரிக்கா ஒம்பது நாளு?"

"ஒத்த வரிதான்மா."

அவர் திரையைத் தொடப்போய், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தொடாமலே நின்றார். "வருசத்தப் பாருங்க. ஆத்தா சொன்ன புயலு சரிதான்," என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். கண்காணிப்பாளர், எண் கிடைத்துவிட்டதால் விதிப்படி தொகுதியைத் தரலாம் என்ற நிம்மதியோடு, ஆவண அறைக்கு ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். வியாழன் மாலை முத்திரையிட்ட நகல் தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை விசாவுக்குப் போனார்.

பெட்டியை மூடும் முன் ஒரு தாள் எடுத்தேன். புதிய அட்டையின் எண்களை எழுதினேன். கீழே, இதற்கு முன் இருந்த நானூற்று இருபது எம்.பி. டிஸ்க்குக்கு இருநூற்றுப் பத்தின் எண்கள் கொடுக்கப்பட்டிருந்தன, தட்டுக்கு முப்பத்தெட்டு, கொடுத்தவன் நான் என்றும் எழுதிக் கையொப்பமிட்டேன். சங்கீதா படித்துவிட்டு, "ரெண்டாவது பாரா தேவையா சார்? அந்த டிஸ்க்தான் போயிடுச்சே," என்றார்.

"விதி," என்றேன். ஒட்டினோம். இப்போதும் அங்கே இருக்கிறது. வேண்டுமானால் அனுமதி வாங்கித் திறந்து பாருங்கள். அட்டவணையின் நகல் அன்றே மூன்று இடங்களில் ஏறிவிட்டது. கருஞ்சாம்பல் நிறத்தில் ஆடி அசைந்து எழும் அந்தக் கணினி இன்றும் தேடித் தருகிறது. நான் பொருத்திய இயந்திரங்களில் என்னைவிட அதிகக் காலம் பணியில் இருப்பது அது ஒன்றுதான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

என் விண்ணப்பத்துக்குத் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஆனி மாதத்தில் பதில் வந்தது. பார்வையில் குறிப்பிட்ட கணினி பல ஆண்டுகளுக்கு முன்பே பயனற்றது எனக் கழிக்கப்பட்டுவிட்டதாகவும், இல்லாத கணினியின் பெட்டியைத் திறக்க அனுமதி வழங்கும் கேள்வியே எழவில்லை எனவும் தெரிவித்திருந்தார்கள். நடை நன்றாக இருந்தது. என் காலத்தில் பயிற்சி பெற்றவர் யாரோ எழுதியிருக்க வேண்டும். கோப்பில் சேர்த்தேன்.

நான் காத்திருந்த பதில் அதுவல்ல. சகாயமேரி பிரான்சுக்குப் புறப்படும் முன் என் கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். வைகாசியில் ஒருமுறை, "தம்பி எப்படி இருக்கிறார்?" என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. ஆனியில் சங்கீதா அனுப்பினார். இல்லை. ஆடி பிறந்தது. ஆடி வரைக்கும் தாங்க மாட்டான் என்று அவர் சொன்னது எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை. கதிர்காமத்திலிருந்து அவர் அழைக்கும்போதெல்லாம் விதிகளைப் பற்றி மட்டுமே சண்டை போட்டுக்கொண்டோம்.

பிறகு ஒரு நாள் காலை கைபேசியில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. பின்னணியில் கடலோ ஏலமோ இல்லை, மருத்துவமனையின் அமைதி. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு, தேங்காய்த்திட்டில் நான்கு படகு தள்ளி நிற்பவனுக்கும் கேட்கிற குரல்:

"சார், நான் சகாயமேரி. செல்போனத் தண்ணிக்குள்ள போட்டுட்டேன், புதுசு இப்பதான் வந்திச்சு. போன வாரந்தான் வெட்டி வெச்சாங்க. மறுநாளே தம்பி மூத்திரம் போயிட்டான் சார்! ஒரு பாட்டில் ரொம்ப! நர்சம்மா கை தட்டுது. என்னுது சார் அது, என்னுது! அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லுங்க."

சங்கீதாவுக்கு அதை அனுப்பினேன். அன்று அவர் வீட்டில்தான் இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஊரைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்ததன் நினைவாகப் புதுச்சேரியில் அரசு அலுவலகங்கள் எதுவும் திறக்காத நாள், எந்தப் பிரிவிலிருந்தும் எந்தப் பதிலும் வர வழியில்லாத நாள். ஆகஸ்ட் பதினாறு.